நர்சிங் சீட்டுக்குக் காத்திருக்கும் வீடுகள்

பிளஸ் டூ முடிவு மே மாதமே வந்துவிடுகிறது. பி.எஸ்சி. நர்சிங் ஒதுக்கீட்டு ஆணை கைக்கு வருவதற்குள் பெரும்பாலும் மழைக்காலம் நெருங்கிவிடுகிறது. நடுவில் உள்ள மாதங்களில் ஒரு பெண்ணின் எதிர்காலத்தை அவள் வாங்கிய மதிப்பெண்ணைவிட வீட்டின் பணமுடையும் ஊரின் வதந்தியும் அதிகமாகத் தீர்மானிக்கின்றன. இந்த நிலை மாற வேண்டும், மாற்றவும் முடியும்.

தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடிவுகள் 2023-லும் 2025-லும் மே 8 அன்று வந்தன. 2024-ல் மே 6 அன்று. முடிவு வரும் நாட்களிலேயே கலைக் கல்லூரிகள் விண்ணப்பங்களை வாங்கத் தொடங்கிவிடும். ஜூன் கடைசியிலோ ஜூலை தொடக்கத்திலோ அங்கே முதலாண்டு வகுப்பு ஆரம்பம். பொறியியலுக்குப் போகிறவர்களுக்கும் எந்தச் சுற்று எப்போது என்பது முன்கூட்டியே ஓரளவு தெரிந்துவிடும். அரசு ஒதுக்கீட்டில் நர்சிங் படிக்க நினைக்கும் பிள்ளைக்கு மட்டும் நாள் நகர்வதில்லை. விண்ணப்பம் போட்டாகிவிட்டது. தரவரிசைப் பட்டியல் எப்போது? கவுன்சலிங் எப்போது? வகுப்பு எப்போது? கேட்டால் சொல்ல ஆளில்லை. ஆகஸ்ட் போகும், செப்டம்பர் போகும், சில ஆண்டுகளில் அதற்கு அப்பாலும் இழுக்கும்.

இந்தக் காத்திருப்பு நடக்கும் வீட்டை எந்த ஊரிலும் பார்க்கலாம். அப்பா கட்டட வேலைக்கோ லோடு ஏற்றவோ போகிறவர். அம்மா பனியன் கம்பெனியிலோ நூறு நாள் வேலையிலோ இருப்பவர். மூத்த பெண் அரசுப் பள்ளியில் உயிரியல் பாடம் எடுத்து, குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரி வாசல்வரை வந்திருக்கிறாள். அவள் மனதில் இருப்பது நர்சிங் ஒன்றுதான். தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வியும் ஒன்றுதான்: "என்னம்மா, இன்னும் எங்கயும் சேரலையா?" அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை. பதில் சொல்ல வேண்டிய பொறுப்பும் அவளுடையதில்லை.

கீழ்ப்பாக்கத்திலிருந்து வரும் எண்

தமிழ்நாட்டில் அரசு நர்சிங் கல்லூரி இடங்களையும், தனியார் கல்லூரிகள் அரசுக்கு ஒப்படைக்கும் இடங்களையும் நிரப்புவது மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு. அதன் அலுவலகம் சென்னை கீழ்ப்பாக்கத்தில், பெரியார் ஈ.வெ.ரா. நெடுஞ்சாலையில் இருக்கிறது. எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். சேர்க்கையை நடத்துவதும் இதே குழுதான். பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம்., பிசியோதெரபி, ரேடியோகிராபி, டயாலிசிஸ் தொழில்நுட்பம், அறுவை அரங்கு மற்றும் மயக்கவியல் தொழில்நுட்பம் முதலான மருத்துவம் சார்ந்த பட்டப்படிப்புகள் எல்லாவற்றுக்கும் ஒரே இணையவழி விண்ணப்பம். பிள்ளைகள் பெரும்பாலும் இ-சேவை மையத்திலோ ஊரிலுள்ள கணினி மையத்திலோ உட்கார்ந்து அதை நிரப்புகிறார்கள்.

பி.எஸ்சி. நர்சிங்குக்கு நீட் தேவையில்லை. பிளஸ் டூ மதிப்பெண்தான் அடிப்படை. உயிரியல் மதிப்பெண் அப்படியே நூற்றுக்கு எடுத்துக்கொள்ளப்படும். இயற்பியலும் வேதியியலும் பாதியாகி ஐம்பது ஐம்பதாகச் சேரும். கூட்டினால் 200-க்கு ஒரு எண் வரும். அதைத்தான் கட்-ஆஃப் என்கிறார்கள். உயிரியலில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 87 வாங்கிய பெண்ணின் கட்-ஆஃப் 92, 42, 43.5 சேர்ந்து 177.5. உயிரியலில் இரண்டு மதிப்பெண் கூடினால் கட்-ஆஃபும் இரண்டு கூடும். இயற்பியலில் இரண்டு கூடினால் ஒன்றுதான் கூடும். முடிவு வந்த கையோடு விடைத்தாள் நகலுக்கும் மறுமதிப்பீட்டுக்கும் விண்ணப்பிப்பவர்கள் உயிரியல் தாளை முதலில் கேட்பதற்குக் காரணம் இதுதான். ஒரே எண்ணில் ஏராளமானோர் நெருங்கி நிற்கும் வரிசை இது. அரை மதிப்பெண் ஒருவரை வெகுதூரம் முன்னால் கொண்டுபோகும், அல்லது பின்னால் தள்ளும்.

அடுத்து ரேங்க். இங்கேதான் பல குடும்பங்கள் தேவையில்லாமல் மனம் உடைந்துபோகின்றன. பட்டியலில் ஒவ்வொருவருக்கும் பொது ரேங்க் ஒன்று, சமூகப் பிரிவுக்குள் ரேங்க் ஒன்று என இரண்டு எண்கள் உண்டு. தமிழ்நாட்டின் 69 சதவீத இட ஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, பட்டியல் சாதியினருக்கு 15, அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு 1 சதவீதம் எனப் பிரிவு இருக்கிறது. மீதி 31 சதவீதம் எல்லாருக்கும் பொது. பொது ரேங்க் ஆயிரக்கணக்கில் இருப்பதைப் பார்த்ததுமே "நமக்குக் கிடைக்காது" என்று கம்ப்யூட்டர் சென்டரிலிருந்து எழுந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தன் பிரிவுக்குள் தான் எத்தனையாவது, அந்தப் பிரிவுக்கு மொத்தம் எத்தனை இடம் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை நிலை தெரியும்.

கவுன்சலிங் இப்போது இணையவழியில்தான். விருப்பக் கல்லூரிகளை வரிசையாகப் பதிவு செய்ய வேண்டும். ரேங்க்படி ஒவ்வொருவராக எடுத்து, அவர் தந்த வரிசையில் மேலிருந்து கீழாகப் பார்த்து, இடம் காலியாக இருக்கும் முதல் கல்லூரி அவருக்கு ஒதுக்கப்படும். பட்டியலில் எழுதாத கல்லூரி தானாகக் கிடைக்காது. தோழிகள் போட்டார்கள் என்று நான்கு கல்லூரிகளை மட்டும் போட்டுவிட்டு, அதைவிடக் கொஞ்சம் தள்ளியிருந்த நல்ல அரசுக் கல்லூரி இடத்தை இழப்பது எளிதாக நடந்துவிடும் விஷயம். நூறு கிலோமீட்டர் தூரத்துக் கல்லூரியை எழுதலாமா, விடுதியில் விடுவதற்கு அப்பா சம்மதிப்பாரா என்று வீட்டில் பேச வேண்டிய நேரம் விருப்பப் பதிவு தொடங்குவதற்கு முன்புதான். பதிவு நடக்கும் அந்த ஓரிரு நாளில் பேசத் தொடங்கினால் அவசரம்தான் முடிவெடுக்கும்.

எதற்காக இத்தனை பேர் வரிசையில்?

நர்சிங்கை மருத்துவச் சீட் கிடைக்காதவர்களின் இரண்டாவது தேர்வாக மட்டும் பார்ப்பது நகரத்துப் பார்வை. கிராமத்து அரசுப் பள்ளியில் உயிரியல் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் பலருக்கு இதுவே முதல் தேர்வு. அவர்கள் ஊரில் வெள்ளைச் சீருடையோடு ஸ்கூட்டியில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிற நர்ஸ் அக்காதான் மாதச் சம்பளம் வாங்கும் பெண்ணாக அவர்கள் கண்ட முதல் ஆள்களில் ஒருவர். அரசு வேலை, தனியார் மருத்துவமனை, வளைகுடா, ஜெர்மனி என்று வழி பிரியும் படிப்பு இது. வீட்டின் கடனை அடைக்கவும் தம்பி தங்கையைப் படிக்க வைக்கவும் ஒரு பெண்ணுக்குக் கைகொடுக்கும் படிப்பு. மகள் நர்ஸ் ஆன பிறகு வீட்டுப் பேச்சில் அவள் சொல்லுக்குத் தனி எடை வந்துவிடுவதை ஊரே பார்த்திருக்கிறது.

இந்தப் படிப்புக்குத் தமிழ் மண்ணில் நீண்ட வரலாறு உண்டு. இந்தியாவில் நர்ஸ் பயிற்சி முறையாகத் தொடங்கிய இடங்களில் முதன்மையானது சென்னை அரசுப் பொது மருத்துவமனை. 1871-ல் நான்கே மாணவியரோடு அங்கே பயிற்சி தொடங்கியது. நர்சுகளைப் பதிவு செய்வதற்கான மாகாண கவுன்சில் 1926-ல் சென்னையில் அமைந்தது. நாட்டில் அதுவே முதலாவது. வேலூரில் ஐடா ஸ்கடரின் மருத்துவமனையோடு 1909-ல் நர்சிங் பள்ளி ஏற்பட்டது. அதே வேலூர் சி.எம்.சி.யில் 1946-ல் நர்சிங் பட்டப்படிப்பு வந்தது. டெல்லியில் இன்று ராஜ்குமாரி அம்ரித் கௌர் பெயரைத் தாங்கியிருக்கும் கல்லூரியிலும் அதே ஆண்டு பட்டப்படிப்பு தொடங்கியது. நாட்டின் முதல் நர்சிங் பட்டப்படிப்புகள் இந்த இரண்டும்தான்.

அந்த 1946-ல்தான் ஜோசப் போர் தலைமையிலான சுகாதாரக் குழு அறிக்கை தந்தது. அன்றைய இந்தியாவில் 43,000 பேருக்கு ஒரு நர்ஸ் என்ற நிலையை அந்த அறிக்கை எடுத்துச் சொன்னது. எண்பது ஆண்டுகளில் நிலைமை வெகுவாக முன்னேறியிருக்கிறது. ஆனாலும் பற்றாக்குறை தீரவில்லை, உலகத்துக்கே தீரவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2025-ல் வெளியிட்ட நர்சிங் நிலை அறிக்கையின்படி 2023-ல் உலகில் 2 கோடியே 98 லட்சம் நர்சுகள் இருந்தார்கள். பற்றாக்குறை 58 லட்சம். நர்ஸ் இல்லை என்று உலகம் தேடிக்கொண்டிருக்கிறது. நர்ஸ் ஆகத் துடிக்கும் பெண் எங்கள் ஊரில் மாதக்கணக்கில் வீட்டில் காத்திருக்கிறாள்.

ஒன்றிய அமைச்சரவை 2023 ஏப்ரலில் 157 புதிய அரசு நர்சிங் கல்லூரிகளுக்கு ஒப்புதல் அளித்தது. 2014-க்குப் பிறகு வந்த மருத்துவக் கல்லூரிகளின் வளாகத்திலேயே அவை அமையும் என்பது திட்டம். மதிப்பீடு 1,570 கோடி ரூபாய். ஆண்டுக்குச் சுமார் 15,700 நர்சிங் பட்டதாரிகள் கூடுவார்கள் என்பது கணக்கு. இதில் தமிழ்நாட்டின் பங்கு 11. விருதுநகர், ராமநாதபுரம், கள்ளக்குறிச்சி, அரியலூர் போன்ற மாவட்டங்களுக்கு 2022 ஜனவரியில்தான் மருத்துவக் கல்லூரி வந்தது. இப்படிப்பட்ட மாவட்டங்களில் அரசு நர்சிங் கல்லூரி முழு அளவில் இயங்கினால் அங்குள்ள பெண்களுக்குக் கிடைப்பது கூடுதல் இடங்கள் மட்டுமா? வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் கல்லூரி என்பதே "வெளியூருக்கெல்லாம் அனுப்ப மாட்டோம்" என்ற தடையை நீக்கிவிடும்.

காத்திருப்பின் விலை

பணம் உள்ள வீட்டில் காத்திருப்பு ஒரு மனக்கவலை. பணம் இல்லாத வீட்டில் அது செலவு.

முதலில் பாதுகாப்புக்காக ஒரு கலைக் கல்லூரியில் சேர வேண்டியிருக்கிறது. விலங்கியலோ வேதியியலோ எடுத்துக் கட்டணம் கட்டி, சீருடை தைத்து, பஸ் பாஸ் வாங்கி இரண்டு மாதம் போய்வந்தபின் நர்சிங் ஆணை வரும். அப்போது அங்கே மாற்றுச் சான்றிதழைத் திரும்பக் கேட்க வேண்டும். அவள் விட்டுச்செல்லும் இடத்தில் வேறொரு பிள்ளை ஜூன் மாதமே சேர்ந்திருக்கலாம். அந்த இடம் பெரும்பாலும் அப்படியே காலியாகக் கிடக்கும். ஒரு தாமதம் இரண்டு பிள்ளைகளைப் பாதிக்கிறது.

அடுத்தது ஏஜென்ட். முடிவு வந்த மறுநாளிலிருந்தே கைபேசி அழைப்புகள் தொடங்கிவிடும். "கவுன்சலிங்குக்குக் காத்திருந்தா இருக்கிற சீட்டும் போயிடும்" என்பார்கள். "இன்னிக்கு அட்வான்ஸ் கட்டினா ஃபீஸ்ல குறைச்சுத் தர்றோம்" என்பார்கள். பெங்களூருவில் சீட், ஹாஸ்டல் இலவசம், படிப்பு முடிந்ததும் வெளிநாட்டு வேலை என்று ஆசை காட்டுவார்கள். தேதி தெரியாத நேரத்தில்தான் இந்தப் பேச்சு எடுபடுகிறது. கவுன்சலிங் இன்ன நாள் என்று உறுதியாகத் தெரிந்த தகப்பன் அந்த நாள்வரை பொறுத்திருப்பார். தெரியாதபோது, மகளின் ஓராண்டு வீணாகிவிடுமோ என்ற பயத்தில் நகையை அடகு வைத்து முன்பணம் கட்டிவிடுகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்குத் தெரிய வேண்டியதை யாரும் சொல்லவில்லை என்பதுதான் கோபமாக இருக்கிறது.

முன்பணத்தோடு அசல் சான்றிதழ்களையும் வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. பிறகு அரசு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தாலும், "முழு ஆண்டுக் கட்டணத்தைக் கட்டிவிட்டு சான்றிதழை எடுத்துக்கொள்" என்ற பதில் வரும். கட்டணத்தைத் திருப்பித் தருவது பற்றியும் அசல் சான்றிதழ்களை நிறுவனங்கள் பிடித்துவைக்கக் கூடாது என்பது பற்றியும் பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. அப்படி ஓர் அறிவிக்கை இருப்பது பனியன் கம்பெனியில் வேலை செய்யும் அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்தாலும், மகள் படிக்கப் போகிற இடத்தில் சண்டை போட அவரால் முடியாது.

இந்தத் தாமதத்தின் வேர் எங்கே இருக்கிறது? ஒரே தேர்வுக் குழு மருத்துவச் சேர்க்கையையும் நடத்துகிறது. மருத்துவச் சேர்க்கையின் தேதிகள் நீட் முடிவோடும் அகில இந்தியக் கலந்தாய்வோடும் கட்டப்பட்டவை. 2024-ல் நீட் வினாத்தாள் கசிவு வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. மறுதேர்வு இல்லை என்ற தீர்ப்பு ஜூலை 23 அன்று வந்தது. திருத்திய முடிவுகள் அதன் பிறகே வந்தன. அகில இந்தியக் கலந்தாய்வு ஆகஸ்டுக்குப் போனது. நர்சிங்குக்கு நீட் தேவையில்லாத மாநிலத்தில் அந்தக் குழப்பம் நர்சிங் மாணவியை எட்டிப் பார்த்திருக்கவே கூடாது. மருத்துவத்தின் சுற்றுகளுக்கு நடுவே கிடைக்கும் நாட்களில் நர்சிங்கை நடத்தும் பழக்கம் இருக்கும்வரை எட்டிப் பார்க்கத்தான் செய்யும். இந்திய நர்சிங் கவுன்சிலும் சேர்க்கைக்கான கடைசித் தேதியைப் பல ஆண்டுகளில் தள்ளித் தள்ளி வைத்திருக்கிறது. அந்தச் சலுகை கல்லூரிகளுக்கு இடம் நிரப்ப உதவுகிறது. தாமதமாகச் சேரும் மாணவிக்கோ முதல் செமஸ்டரின் உடற்கூறியலும் உடலியங்கியலும் ஓட்டமும் நடையுமாகத்தான் கிடைக்கின்றன. நோயாளியின் உடலைத் தொடப்போகிறவள் அவசரமாகப் படிக்கக் கூடாத பாடங்கள் அவை.

நுழைவுத் தேர்வு வைத்தால்?

நாடு முழுக்க ஒரே முறை இல்லை. கேரளம் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே நர்சிங் இடங்களை நிரப்புகிறது. மேற்கு வங்கத்தில் தனி நுழைவுத் தேர்வு நடக்கிறது. புதுச்சேரி ஜிப்மரும் ராணுவ நர்சிங் கல்லூரிகளும் நீட் மதிப்பெண்ணைக் கேட்கின்றன. புனே, கொல்கத்தா, மும்பை, டெல்லி, லக்னோ, பெங்களூரு ஆகிய ஆறு இடங்களில் உள்ள ராணுவக் கல்லூரிகளில் மொத்தம் 220 இடங்கள். பெண்களுக்கு மட்டும். படிப்பை முடித்தால் ராணுவ நர்சிங் சேவையில் லெப்டினன்ட் பொறுப்பு. எய்ம்ஸ் நிறுவனங்கள் பி.எஸ்சி. ஹானர்ஸ் நர்சிங்குக்குத் தாமே கணினிவழித் தேர்வு நடத்துகின்றன.

இந்திய நர்சிங் கவுன்சிலின் திருத்திய விதிமுறைகள் 2021-ல் அரசிதழில் வந்தன. நுழைவுத் தேர்வின் அடிப்படையில் சேர்க்கை நடக்க வேண்டும் என்கின்றன அவை. இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம், நர்சிங் நாட்டம் ஆகிய ஐந்துக்கும் தலா 20 மதிப்பெண். மனப்பாடத்தில் மதிப்பெண் வாங்கியவருக்கு நோயாளியிடம் பொறுமை இருக்குமா என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. பள்ளித் தேர்வு அதை அளப்பதில்லை. ஆனால் சரியான விடையைக் குறியிடும் தேர்வும் அதை அளக்காது. படுக்கையோரம் நின்று வேலை பார்க்கும்போது, மூத்த நர்சுகளின் கண்காணிப்பில்தான் அந்தக் குணம் வெளிப்படும், வளரும்.

நுழைவுத் தேர்வு வந்தால் கூடவே கோச்சிங் வரும். மருத்துவப் படிப்பில் என்ன நடந்தது என்பது நம் கண்முன்னால் இருக்கிறது. நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-ல் தந்த அறிக்கையின்படி, தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் மறுமுறை தேர்வெழுதியவர்களின் பங்கு 2016-17-ல் 12.47 சதவீதமாக இருந்தது, 2020-21-ல் 71.42 சதவீதமாக உயர்ந்தது. ஓராண்டு வீட்டில் இருந்து, பணம் கட்டிப் பயிற்சி பெற முடிந்தவர்களுக்கு வழி அகலமானது. நர்சிங் வரிசையில் நிற்கும் பெண்ணின் வீட்டில் அந்த ஓராண்டு கிடையாது. ஓராண்டு சும்மா இருந்தால் அவளுக்குக் கோச்சிங் ஃபீஸ் கட்ட மாட்டார்கள், மாப்பிள்ளை பார்ப்பார்கள். அதனால் பிளஸ் டூ மதிப்பெண் முறையைத் தமிழ்நாடு விட்டுவிடக் கூடாது. அதே காரணத்தால்தான் தாமதத்தையும் பொறுத்துக்கொள்ளக் கூடாது என்கிறேன். தேர்வில்லாத சேர்க்கையின் பெரிய நன்மையே, முடிவு வந்த சில வாரங்களில் பட்டியல் போட்டுவிடலாம் என்பதுதான். அந்த நன்மையைத் தாமதம் விழுங்கிவிடுகிறது.

பெட்டிச் செய்தி: காத்திருக்கும் வீட்டில் செய்ய வேண்டியவை

• சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றைத் தேர்வு முடிவுக்கு முன்பே இ-சேவை வழியாக வாங்கிவிடுங்கள். வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று கோப்பு நகர நாளாகும். பெயரும் பிறந்த தேதியும் மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே இருக்கின்றனவா என எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள்.

• விண்ணப்பத்தில் உங்கள் வீட்டுக் கைபேசி எண்ணையே தாருங்கள். மையக்காரரின் எண்ணைத் தந்தால் ஒருமுறைக் கடவுச்சொல்லும் அறிவிப்பும் அவருக்குத்தான் போகும்.

• ஒரே ஒரு கதவை நம்பாதீர்கள். பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்ததோடு, அரசு நர்சிங் பள்ளிகளின் மூன்றாண்டு டிப்ளமோவுக்கும் அறிவிப்பு வரும்போது விண்ணப்பியுங்கள். டிப்ளமோ முடித்தவர்கள் பின்னர் இரண்டாண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துப் பட்டதாரி ஆகலாம்.

• தனியார் கல்லூரியைப் பார்க்கப் போனால் கட்டடத்தைப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். இந்திய நர்சிங் கவுன்சில், தமிழ்நாடு நர்சுகள் கவுன்சில், டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் அனுமதி நடப்பாண்டுக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். கல்லூரிக்குச் சொந்தமாக 100 படுக்கைகளுக்குக் குறையாத மருத்துவமனை எங்கே என்று கேட்டு நேரில் போய்ப் பாருங்கள். படுக்கைகளில் நோயாளிகள் இருக்கிறார்களா என்று கவனியுங்கள்.

• அசல் சான்றிதழை முன்பணத்தோடு யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். நகல் போதும். கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் கல்லூரியின் பெயரில் ரசீது வாங்குங்கள்.

• அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் நர்சிங் படிப்பவர்களுக்கும் உண்டு. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குச் சேர்ந்த உடனே விண்ணப்பியுங்கள்.

சீட் கிடைத்த பிறகு

நான்காண்டு, எட்டு செமஸ்டர். வகுப்பறை எவ்வளவோ அவ்வளவுக்கு வார்டும் உண்டு. பொது மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தைகள், மனநலம், சமுதாய நலம் என்று எல்லா வார்டுகளிலும் நின்று கற்றுக்கொள்ள வேண்டும். ஊசி போடுவதும் மருந்து கொடுப்பதும் வெளியே தெரிகிற வேலைகள். நோயாளியின் மூச்சு சற்று மாறியதை மருத்துவர் வருவதற்கு முன்பே கண்டுபிடிப்பதும், பயந்துபோன மனைவியிடம் நிலைமையைப் புரியும்படி சொல்வதும், மருந்தின் அளவை மூன்று முறை சரிபார்ப்பதும்தான் அந்தப் படிப்பின் உயிர். படித்து முடித்து கவுன்சிலில் பதிவு செய்தபின் அரசு மருத்துவமனைகளுக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கு நார்செட் தேர்வு, வெளிநாடு என்றால் அந்தந்த நாட்டின் மொழித் தேர்வும் உரிமத் தேர்வும் எனப் பாதைகள் பிரியும்.

இந்தப் பாதையில் முட்கள் இருப்பதையும் காத்திருக்கும் பெண்ணிடம் மறைக்கக் கூடாது. தேர்வு வாரியத்தின் மூலம் 2015-ல் தேர்வெழுதி வந்த ஆயிரக்கணக்கான நர்சுகள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் பணியமர்த்தப்பட்டார்கள். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் உட்கார்ந்து போராடியதைத் தமிழ்நாடு மறந்திருக்காது. கொரோனா காலத்தில் தற்காலிகமாக எடுக்கப்பட்ட சுமார் 2,300 நர்சுகளின் பணி 2022 டிசம்பர் கடைசியோடு முடித்துக்கொள்ளப்பட்டது. உயிரைப் பணயம் வைத்து வார்டில் நின்றவர்கள் வேலைக்காகத் தெருவில் நின்றார்கள். தனியார் மருத்துவமனை நர்சுகளின் நிலைமையை ஆராய உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் உத்தரவிட்டது. அதன்படி அமைந்த ஜகதீஷ் பிரசாத் குழு, 50 படுக்கைகளுக்குக் குறைவான மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாத சம்பளம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. பத்தாண்டுக்குப் பிறகும் அந்தத் தொகையை எட்டாத சம்பளத்தில் வேலை பார்க்கும் நர்சுகள் நம் சிறு நகரங்களில் இருக்கிறார்கள்.

சேர்க்கையில் காக்க வைப்பது, ஒப்பந்தத்தில் காக்க வைப்பது, சம்பளத்தில் காக்க வைப்பது என்று இவை மூன்றும் ஒரே மனப்போக்கின் தொடர்ச்சி. நர்ஸ் எப்போது வேண்டுமானாலும் கிடைப்பாள், பொறுத்துக்கொள்வாள் என்ற எண்ணம் அது. அந்த எண்ணத்தைப் பதினேழு வயதுப் பெண் முதன்முதலில் சந்திப்பது விண்ணப்பம் போட்ட நாளில்தான். ஆகவே திருத்தத்தையும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

நான்கு தேதிகள் போதும்

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் இல்லை. நர்சிங்குக்கும் மருத்துவம் சார்ந்த படிப்புகளுக்கும் மருத்துவச் சேர்க்கையைச் சாராத தனிக் கால அட்டவணை வேண்டும். தேர்வுக் குழுவில் ஆள் போதவில்லை என்றால் இதற்கெனத் தனிப் பிரிவு அமைக்கலாம். ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வொரு பிரிவுக்கும் கடந்த ஆண்டு எந்தக் கட்-ஆஃபில் இடம் முடிந்தது என்பதை அரசே எளிய தமிழில் ஒரே பட்டியலாக வெளியிட வேண்டும். வாட்ஸ்அப்பில் சுற்றும் போலிப் பட்டியல்களுக்கு அப்போது வேலை இருக்காது. அசல் சான்றிதழைப் பிடித்துவைக்கும் கல்லூரிமீது புகார் செய்ய ஒரு தொலைபேசி எண்ணும், ஒரு வாரத்தில் சான்றிதழை மீட்டுத்தரும் அதிகாரியும் வேண்டும். பள்ளி இறுதியாண்டு மாணவர்களுக்கு வழிகாட்ட 'நான் முதல்வன்' திட்டத்தின் கீழ் 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சிகள் நடக்கின்றன. அந்த வழிகாட்டல் மே மாதத்தோடு நின்றுவிடாமல், மாணவி ஒதுக்கீட்டு ஆணையோடு கல்லூரி வாசலை மிதிக்கும்வரை தொடர வேண்டும். விருப்பப் பதிவு நாளன்று அவள் பள்ளியின் கணினி அறை அவளுக்குத் திறந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், விண்ணப்ப அறிவிப்பிலேயே நான்கு தேதிகளை அச்சிட்டுத் தர வேண்டும்: தரவரிசைப் பட்டியல் வரும் நாள், விருப்பப் பதிவு தொடங்கும் நாள், ஒதுக்கீட்டு ஆணை வரும் நாள், வகுப்பு தொடங்கும் நாள். தேதி தெரிந்த தகப்பன் அடகுக் கடைக்குப் போக மாட்டார். தேதி தெரிந்த பெண் கலைக் கல்லூரியில் இன்னொருவரின் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார மாட்டாள். இதற்குப் புதிய சட்டமோ பெரிய நிதி ஒதுக்கீடோ தேவையில்லை. அடுத்த ஆண்டு மே மாதம் பிளஸ் டூ முடிவு வரும்போது இந்த நான்கு தேதிகளும் கூடவே வர வேண்டும். அவற்றைத் தருவது அரசின் கடமை. கேட்டு வாங்குவது நம் எல்லாருடைய கடமை.